பம்பரம் பிடிக்கிற இடம்

நல்ல படத்தையும் மோசமான படத்தையும் பிரித்தறிய வேண்டுமானால் முகங்களைப் பார்க்கக் கூடாது, மேடம். பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும். முகத்தை நம் மூளையே சரிசெய்துகொள்ளும். தெரிந்தவர் முகம் என்றால் கேட்கவே வேண்டாம், பாதி அழிந்திருந்தாலும் முழுசாகப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். சுவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே நிறத்தில் சும்மா நிற்கிற சுவரில் சின்னச் சின்னக் கட்டங்கள் மிதந்தால், அந்த டிவிடித் தட்டைப் பதிந்தவன் அவசரக்காரன் என்று முடிவுகட்டிவிடலாம். என் தட்டுகளில் சுவர் சுவராக இருக்கும். பதினான்கு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூடச் சுவரைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

நடந்ததை நடந்தபடி, சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று நாலு தாளும் ஒரு பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். பேனா லேசாகக் கசிகிறது. குறையாகச் சொல்லவில்லை. எழுத்தில் எங்காவது திட்டு விழுந்திருந்தால் அது என் கை நடுக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான்.

என் கடை முதல் மாடியில். கீழே பல் மருத்துவர். இரண்டு பேருக்கும் பிடுங்குகிற தொழில்தான் என்று என் தம்பி சொல்வான். எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்த அவனுக்குத் தெரியாது; படியேறும்போதெல்லாம் சொல்வான், பல் மருத்துவரும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

கல்யாணம், பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, எதுவானாலும் டேப்பில் கொண்டுவருவார்கள், நான் டிவிடியாக்கித் தருவேன். சிலர் பெரிய தட்டைக் கொண்டுவந்து சின்னதாக்கச் சொல்வார்கள். பெரியது என்றால் அகலத்தில் இல்லை. பார்வைக்கு எல்லாம் ஒரே வட்டம்தான். சில தட்டுகளுக்குள் இரண்டு அடுக்கு இருக்கும், சாதாரணத் தட்டில் ஒன்றுதான். இரண்டு அடுக்கில் இருப்பதை ஒரே அடுக்கில் ஏற்றுவது, இரண்டு அறை வீட்டுச் சாமானை ஒரு அறைக்கு மாற்றுவது மாதிரி. மற்றக் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, கதவை முதுகால் அழுத்திச் சாத்துகிறார்கள். படம் முழுசாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மணப்பெண் தலையைத் திருப்பினால் முகம் துண்டு துண்டாகப் பிரிந்து, பிறகு ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு முன்னால் அவருடைய மீசை மேடையேறும். அதையும் வாங்கிக்கொண்டு, பாட்டு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிற ஜனங்கள் இருக்கிறார்கள்.

நான் அப்படிச் செய்வதில்லை. சாமானைக் குறைப்பேன்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அசையாத பொருள் இடம் பிடிக்காது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், தட்டு அவரை ஒரு தடவை எழுதிவைத்துவிட்டு, அடுத்த நொடிக்கு ‘முன்பு போலவே’ என்று குறித்துக்கொள்ளும். அவர் எழுந்து ஆட ஆரம்பித்தால் நொடிக்கு நொடி புதிதாக எழுத வேண்டும். ஆக, உட்கார்ந்திருப்பவன் சிக்கனம், ஆடுகிறவன் ஊதாரி. இது என் கருத்து இல்லை. இயந்திரத்தின் கருத்து.

என் தம்பியை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவன் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அதுவரை வீட்டில் சத்தம் கிடையாது. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா என்னைக் காட்டி, “பெரியவனால ஒரு தொந்தரவும் இல்ல” என்பாள். அடுத்த மூச்சில், “சின்னவனைப் பாருங்க” என்று அவனைக் கூப்பிடுவாள். வந்தவர்கள் அவனைப் பார்ப்பார்கள். நான் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருப்பேன். இதையும் குறையாகச் சொல்லவில்லை.

பெரியவனான பிறகு உயரமான கட்டடங்களில் ஏசி மாட்டுகிற வேலைக்குப் போனான். அவன் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் நிறுவனத்தில் துணி வெட்டுகிற பிரிவில் இருக்கிறாள். அவள் முதலில் வந்தது என் கடைக்குத்தான். அக்கா கல்யாண டேப்பை மாற்றிக்கொண்டு போக மூன்று தடவை வந்தாள். இரண்டு தடவை நாங்கள் நன்றாகப் பேசினோம். நான் தட்டைப் பற்றி விளக்கினேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கடையில் ஏசி பழுதாகியிருந்தது, தம்பி ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்தபடியே பல் மருத்துவர் வேடிக்கையைச் சொன்னான். அவள் சிரித்தாள். அவ்வளவுதான், மேடம். ஆறு மாதத்தில் கல்யாணம். அந்தக் கல்யாண டிவிடியையும் நான்தான் போட்டேன். சுவர் பிரமாதமாக வந்திருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். தம்பி ஒரு சின்ன கேமரா வாங்கி, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தான். எடுக்கும்போதும் ஓடிக்கொண்டே எடுப்பான். பார்க்கிறவர்களுக்குப் படகில் போகிற மாதிரி இருக்கும். நான் போகும்போது மட்டும் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒழுங்காகக் கொஞ்சம் எடுத்துக் கொடுப்பேன். மொத்தம் ஏழு டேப். குட்டிக்கு மூன்று வயது முடிந்தபோது அவற்றிலிருந்து இரண்டு மணி பத்து நிமிடம் எடுத்து, இரட்டை அடுக்குத் தட்டில், குறையில்லாத தரத்தில் போட்டுக் கொடுத்தேன். டேப்புகள் என் கடை அலமாரியில் இருந்தன. அவர்கள் வீட்டில் ஈரம் அதிகம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு அலுவலகக் கட்டடத்தின் நாலாவது மாடியில், ஏசி மாட்டுகிற இரும்புச் சட்டத்தின் மேல் நின்றபடி, கீழே இருந்தவரிடம் ஏதோ வேடிக்கை சொல்லத் திரும்பினான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. பழக்கமில்லை. அவன் போனும், அதில் எடுத்துவைத்திருந்த படங்களும் அவனோடு விழுந்தன.

குட்டிக்கு அப்போது நாலு வயது.

இரண்டு மாதம் கழித்து தம்பி மனைவி கடைக்கு வந்தாள். அந்தத் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“மாமா, இது பாதியில நின்னுடுது. எங்க பிளேயர் பழசு. சின்ன டிஸ்க்ல போட்டுத் தர முடியுமா?”

எனக்கு உடனே புரிந்தது. பழைய பிளேயர்களுக்கு முதல் அடுக்கிலிருந்து இரண்டாவது அடுக்குக்குத் தாவத் தெரியாது. தாவ வேண்டிய இடத்தில் படம் உறைந்துவிடும். எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டேன்.

“அவர் குட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பாரே, அந்த இடம். மேல தூக்குறார், அப்படியே நின்னுடுது. குட்டி டிவிக்கு முன்னாடி உக்காந்து, அப்பா கீழ இறக்கி விடுவாருன்னு காத்துட்டே இருக்கா, மாமா.”

என் தம்பி ஒரு இடத்தில் நின்றான் என்று நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

“தரம் கெடாம பண்ணித் தரேன்” என்றேன்.

“ரெண்டு டிஸ்கா போட்டாலும் பரவாயில்ல.”

“ரெண்டுன்னா மாத்தி மாத்திப் போடணும். குழந்தை கீறிடும். ஒண்ணு போதும்.”

அவள் தலையாட்டினாள். தொழில் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தேன். தரம் குறையாமல் ஒரே அடுக்கில் எழுபத்தோரு நிமிடம் ஏறும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தை வெட்டி எடுத்தாக வேண்டும். முதலில் எல்லோரும் எடுப்பதைத்தான் எடுத்தேன். தொடக்கத்தில் வரும் கறுப்பு, தலைப்புப் பக்கம், கேமராவை அணைக்க மறந்து எடுத்த தரை. ஆறு நிமிடம்தான் தேறியது. மற்றவனாக இருந்தால் மீதியை அழுத்தியிருப்பான். நான் மென்பொருளில் வரைபடத்தைத் திறந்தேன். படம் அமைதியாக இருக்கும் இடம் சமவெளி மாதிரி இருக்கும், இடத்தை அதிகம் தின்னும் காட்சி மலை மாதிரி எழும்பி நிற்கும். ஒவ்வொரு மலையிலும் ஏறிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் உச்சியிலும் என் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

பலூன் பின்னால் ஓடுகிறான். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தவழ்கிறான். பாயைத் தலையில் போட்டுக்கொண்டு பயங்காட்டுகிறான். மனைவியைக் கையைப் பிடித்துச் சுற்றுகிறான், அவள் விடுங்க விடுங்க என்கிறாள், விடுவதில்லை. இந்தச் சுற்றல் ஒன்றே, நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் பல நிமிடங்களுக்கு ஆகிற இடத்தைச் சாப்பிட்டிருந்தது. நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓரத்தில், தெளிவாக, தாளில் உள்ள எழுத்தைக்கூடப் படிக்கலாம் போல இருந்தேன்.

எடுத்தேன். மலைகளை மட்டும் வெட்டி. முதல் பதிப்பு எழுபத்தோரு நிமிடத்தில் தயாரானது. அதில் தம்பி சுமார் முப்பத்தெட்டு நிமிடம் இருந்தான், அமைதியான பகுதிகளில், சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டிக்குச் செருப்பு மாட்டும்போது. நியாயமான பங்கு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். குட்டி மடியில். முடிந்ததும் அவள், “ரொம்பத் தெளிவா இருக்கு மாமா” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பலூனுக்குப் பின்னாடி ஓடுவாரே, அது இதுல இல்லையா?” என்றாள்.

“அது டேப்புல ஏறவே இல்லம்மா. நேர்ல பாத்தது உனக்கு ஞாபகம் இருக்கு.”

“நான் இதுல பாத்தேனே?”

“துக்கத்துல அப்படித்தான் தோணும்.”

“அப்படியா” என்றாள்.

இதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் விளக்கம் என்பேன். நொடிக்கு எவ்வளவு இடம், அசைவுக்கு எவ்வளவு இடம் என்று கணவனை இழந்தவளிடம் உட்கார்ந்து பாடம் நடத்த முடியாது. பழைய தட்டை வாங்கிக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு பதிப்பு இருந்தால் குழப்பம். கத்தரிக்கோலால் நாலாக வெட்டிக் குப்பையில் போட்டேன். தட்டு வெட்டும்போது பிசிறு பறக்கும், கண்ணுக்கு ஆகாது. மேலே துணியைப் போட்டு மூடிக்கொண்டு வெட்டினேன்.

அத்தோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேலையை நேசிக்கிறவனால் முடியாது, மேடம். ஒரு வாரம் கழித்து என் பிரதியைப் போட்டுப் பார்த்தேன். உறுத்தியது. தம்பி பாதியில் நுழைகிறான், பாதியில் மறைகிறான். செருப்பு மாட்டுகிறான், எழுந்திருக்கும் முன் காட்சி அறுந்துவிடுகிறது. ஒருவன் அரைகுறையாக இருப்பது, இல்லாமலே இருப்பதைவிட மோசம். கண்ணுக்கு உறுத்தாத படம்தான் தரமான படம். இரண்டாவது பதிப்பு அப்படி வந்தது. மூன்றாவது, நாலாவது எல்லாம் அதே வழியில் வந்தன. ஒவ்வொரு தடவையும், “இன்னும் கொஞ்சம் தெளிவு கூட்டியிருக்கேன்” என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிவருவேன். அவள் தேநீர் கொடுப்பாள். இவ்வளவு சிரமம் எடுத்துக்கிறீங்களே மாமா என்பாள்.

ஐந்தாவது பதிப்பில் ஒலிக்கு வந்தேன். ஒலியும் இடம் பிடிக்கும். படத்தில் இல்லாதபோதும் அவன் குரல் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருந்தது, பக்கத்து அறையிலிருந்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஒரே சிரிப்பு. அதை எடுத்துவிட்டு, கல்யாணத் தட்டுகளுக்கு நான் வழக்கமாகப் போடும் புல்லாங்குழலைப் போட்டேன். என் குரல் வரும் இடங்களில் மட்டும் புல்லாங்குழலைத் தணித்தேன். “பாத்து, பாத்து” என்று இரண்டு இடத்தில் சொல்கிறேன். “ம்” என்று பல இடத்தில்.

அவள் துணி வெட்டுகிறவள் என்று சொன்னேன் அல்லவா. தையலில் கோடு சேராவிட்டால் அவர்கள் கண்ணுக்கு முதலில் தெரியும். ஒரு தடவை சொன்னாள், “இந்த எடத்துல ஜன்னல் துணி திடீர்னு நகருது மாமா. நடுவுல என்னமோ இருந்துது.” காற்று என்றேன். இன்னொரு தடவை, “நான் எதைப் பாத்து இப்படிச் சிரிக்கிறேன்?” என்றாள். குட்டியைப் பார்த்துத்தான் என்றேன். குட்டி அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஞாபகமெல்லாம் கலங்கிப்போச்சு போல” என்றாள். மருத்துவரிடம் போகச் சொன்னேன். நானே கூட்டிப்போனேன். காத்திருக்கும் அறையில் அவளுக்கு நாற்காலி பிடித்துக் கொடுத்தேன். தூக்கத்துக்கும் மனக்குழப்பத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் சாப்பிடுகிறாளா என்று போனில் கேட்டுக்கொள்வேன். ஒரு நல்ல மூத்தவன் செய்கிற எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். அவளையே கேட்டுப் பாருங்கள்.

ஆறாவது பதிப்பின்போது டேப்புகளைக் கவனித்தேன். மூலம் இருக்கும்வரை எந்தப் பதிப்பும் முடிவானதில்லை. டிவி நிலையத்தில் ஒளிபரப்பு இல்லாத நேரத்தில் காட்டுவார்களே, வண்ணப் பட்டைகள், அவற்றை ஏழு டேப்பிலும் முதலிலிருந்து கடைசிவரை பதிந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் துல்லியமாக இருக்கும். ஒரு டேப்பின் தரத்தைச் சோதிக்க அதைவிட நல்ல படம் கிடையாது.

ஏழாவது பதிப்பு முப்பத்து மூன்று நிமிடம். அதில் அசைவே கிடையாது என்று சொல்லலாம். குட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டாண்டில் வைத்து நான் எடுத்த காட்சிகள்தான் பெரும்பாலும். குட்டியை என் மடியில் வைத்திருக்கும் ஒன்பது நிமிடமும் முழுசாக இருக்கிறது. எங்கள் பின்னால் சுவர் பளிங்கு மாதிரி.

அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தம்பியின் புகைப்படத்தை நான் தொடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் அவன் அசையவில்லை, அதனால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

குழந்தைகள் வேகமாக மறக்கிறார்கள். அது என் குற்றமில்லை. ஐந்து வயதில் குட்டி, “இது போட்டோ அப்பா” என்று சுவரைக் காட்ட ஆரம்பித்தாள். அப்படியென்றால் வேறு அப்பா யார் என்று அவள் அம்மா கேட்டாள். குட்டி டிவியைக் காட்டினாள். டிவியில் நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். “அது பெரியப்பாடா” என்று அவள் அம்மா திருத்தினாள். குட்டியும் பெரியப்பா என்றுதான் சொன்னாள். ஆனால் ஓடிவரும் அவசரத்தில் சில தடவை முதல் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு, “யப்பா” என்பாள். நான் திருத்தவில்லை. சுருக்கினாலும் பொருள் கெடவில்லை. பதினான்கு வருடத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான ஒலி அது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே அவர்கள் வீட்டில் இருந்தேன். குட்டி ஏழாவது பதிப்பைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பூங்காக் காட்சி வந்தது. நாற்பது நொடிதான். குட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள், திரைக்கு வெளியிலிருந்து ஒரு பந்து வருகிறது, பிடிக்கிறாள். பிறகு கேமரா பந்து போட்டவன் பக்கம் திரும்பும். அதை எடுத்துவிட்டேன். குழந்தை அசையாமல் நின்ற அபூர்வமான நாற்பது நொடியை விட மனமில்லை.

குட்டி கேட்டாள்: “பந்தை யாரு போடுறா?”

அவள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவள் மாத்திரை சாப்பிடுகிறவள், பதில் வருவதற்கு நேரமாகும் என்று தெரியும். அதனால் நான் சொன்னேன்.

“பெரியப்பாதான் போடுறேன்.”

“நீங்களா?”

“ஆமாடா.”

குட்டி நம்பிவிட்டாள். அவள் அம்மா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“கேமரா என் கையில இருந்துது, மாமா.”

நான் ரிமோட்டைத் தேடினேன்.

“அன்னிக்கு நீங்க வரவே இல்ல. கடையில ஏதோ கல்யாண வேலைன்னு சொன்னீங்க. அவர் பந்தைப் போட்டுப் போட்டுக் கை வலிக்குதுன்னார். நான் எடுத்துட்டே இருந்தேன். இதெல்லாம் என் கற்பனையா?”

யோசித்துப் பார்த்தால், அது ஒரு சின்னக் கவனக்குறைவு. படத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த நான், யார் எடுத்தார்கள் என்று பார்க்கவில்லை.

“டேப்பெல்லாம் கடையில இருக்குல்ல? வாங்க” என்றாள்.

மூன்று பேரும் நடந்தே போனோம். குட்டி நடுவில், இருவர் கையையும் பிடித்துக்கொண்டு. கடையைத் திறந்தேன். அவளே டேப்பைச் செருகினாள். வண்ணப் பட்டை. ஓட்டிப் பார்த்தாள். வண்ணப் பட்டை. இரண்டாவது, மூன்றாவது. ஆறு டேப்பையும் ஓட்டிப் பார்த்தவள், ஏழாவதை ஓட்டவில்லை. முதலிலிருந்து போட்டுவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, முழு ஒரு மணி நேரமும் பார்த்தாள். எங்காவது ஒரு நொடி தப்பியிருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நான் அப்படி வேலை செய்கிறவன் இல்லை என்று சொல்ல நினைத்தேன். குட்டி நாலைந்து நிமிடம் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமே வரலம்மா” என்று சொல்லிவிட்டு, என் மேசையில் கிடந்த தட்டு உறைகளை அடுக்கி விளையாடினாள்.

டேப் முடிந்து தானாக நின்றது.

“ஒரு வருஷத்துக்கு மேலா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்” என்றாள். “நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க, டாக்டர்கிட்ட.”

“தரம்மா. தரத்துக்காகத்தான்.”

அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டாள். ஆறு வயதாகப்போகிற பிள்ளையைத் தூக்க வேண்டியதில்லை. தூக்கிக்கொண்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்குத்தான் வந்தாள், நானும் பின்னாலேயே வந்தேன்.

உங்கள் எழுத்தர் பட்ட பாட்டை நானும் பார்த்தேன். திருட்டு என்று போட முடியாது, தட்டு அவள் வீட்டிலேயே இருக்கிறது. சேதம் என்றால், இழந்த பொருள் என்னவென்று எழுத வேண்டும். அவளிடம் கேட்டார். “என் வீட்டுக்காரர்னு எழுதுங்க” என்றாள்.

“அவர் இறந்துட்டார்னு சொன்னீங்களேம்மா.”

“ஆமா. இது ரெண்டாவது தடவை.”

எழுத்தர் பேனாவை மூடிவிட்டார். இதற்கு எந்தச் சட்டப் பிரிவு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கிடைக்கும்வரை காத்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமில்லை.

நாலாவது தாளில் இதுவரை எழுதியிருந்தபோது நீங்கள் வந்து எதிரில் உட்கார்ந்தீர்கள். கையில் ஏழாவது பதிப்பு. உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். பதிந்த தட்டில் பதிந்த பகுதி மட்டும் நிறம் சற்று அடர்ந்திருக்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மரத்தின் வளையம் மாதிரி. தொழில் தெரியாதவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் விரலால் கோடு போட்டுக் காட்டினீர்கள்.

“இந்த எடத்தோட முடியுதே. இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?”

“ஒன்றும் இல்லை, மேடம்.”

“காலியா?”

“காலி.”

“பாதிக்கு மேல காலியா இருக்கு. அப்புறம் எதுக்கு இத்தனை வெட்டு?”

தம்பியை இங்கே போட்டிருக்க முடியாதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமலே எழுந்து போனீர்கள், அதனால் எழுதிவைக்கிறேன். முதல் பதிப்பில் இருந்த அந்த முப்பத்தெட்டு நிமிடமும், செருப்பு மாட்டுவது, தூங்குவது, பக்கத்து அறைச் சிரிப்பு உட்பட, முழுத் தரத்தில், ஒரு புள்ளிகூட மங்காமல், அந்தக் காலி இடத்தில் அடங்கும்.

இந்தக் கணக்கை இன்றைக்கு உங்களுக்காகப் போடவில்லை. இரண்டாவது பதிப்பை ஆரம்பிக்கும் முன்பே போட்டுவிட்டேன்.